பெரியம்மா கொடுத்த புள்ளி இலைச் செடி

போன வருடம் தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும், பெரியம்மா பட்டர்வொர்த் வீட்டைக் காலி செய்துவிட்டு கிள்ளானில் மகள் வீட்டோடு போய்விட்டார். சாமான் ஏற்ற வந்த லோரி வாசலில் நிற்கிறது, நானும் தம்பியும் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறோம், பெரியம்மா பின்கட்டிலிருந்து ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் சட்டியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "இந்தா கண்ணு, இது பெரியப்பா வச்சது. லோரியில போட்டா செத்துடும், நீ வச்சுக்க. பூத்துச்சுன்னா ரெண்டு மாசத்துக்கு வாடாது." பேர் என்ன பெரியம்மா என்று கேட்டேன். "ஆர்க்கிட்டுதான். பேரெல்லாம் அவருக்குத்தான் தெரியும்." பெரியப்பா தவறி நாலு வருடம் ஆகிறது. அந்த நாலு வருடமும் அது பூக்கவே இல்லையாம்.

பினாங்குத் தீவுக்குப் பாலத்தைத் தாண்டி வரும்வரை சட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததும் மனசு சோர்ந்துபோனது. எல்லா இலையிலும் புள்ளி. எங்கள் ஆயர் ஈத்தாம் பிளாட்டில் ஏழாவது மாடி பால்கனியில் டென்ட்ரோபியம், வாண்டா ஆர்க்கிட்டுகளைப் பல வருடமாக வளர்க்கிறேன், மழைக்காலத்தில் இலையில் கறும்புள்ளி விழுந்து ஒரே வாரத்தில் ஒரு செடியையே பறிகொடுத்திருக்கிறேன். அதனால் சந்தேகமே படாமல் கத்தரிக்கோலை கேஸ் அடுப்புத் தீயில் காட்டி எடுத்து, புள்ளி உள்ள இலையெல்லாம் வெட்டத் தயாராகிவிட்டேன். வெட்டினால் ஒரு இலை மிஞ்சாது என்று தெரிந்த பிறகுதான் கை நின்றது.

சரி, முதலில் துடைத்துப் பார்ப்போம் என்று ஈரத் துணியால் ஒரு இலையைத் துடைத்தேன். பட்டர்வொர்த் தூசி போனதும் வேறு ஒரு இலை வெளியே வந்தது. வெளிறிய சாம்பல் பச்சையில் கரும்பச்சைக் கட்டங்கள், பாய் முடைந்த மாதிரி, நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே சீராக ஓடுகின்றன. விரலால் தடவினால் மேடும் இல்லை பள்ளமும் இல்லை. கைப்பேசி டார்ச்சை இலைக்கு அடியில் பிடித்தேன், புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் எதுவும் இல்லை. அப்புறம் நடுவில் புதிதாக எட்டிப் பார்த்த இலை ஒன்று, கட்டைவிரல் நகம் அளவுதான் வெளியே வந்திருக்கிறது, அதிலும் அதே கட்டம். பிறந்து ஒரு வாரமான இலைக்கும் இரண்டு வருடப் பழைய இலைக்கும் ஒரே கோலம் இருந்தால் அது நோய் இல்லை, செடியின் சொந்த நிறம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், என்னை மாதிரி யாராவது கத்தரிக்கோலோடு நிற்கக்கூடும். நோயால் வரும் புள்ளி ஒழுங்கில்லாமல் வரும், ஒரு இலையில் இருக்கும், பக்கத்து இலையில் இருக்காது. பாக்டீரியா அழுகல் என்றால் தண்ணீர் கோத்த மாதிரி மினுமினுப்பாகத் தொடங்கி பழுப்பாகிக் கறுக்கும், அமுக்கினால் கொழகொழவென்று இருக்கும், காலையில் பேனாவால் ஓரத்தில் கோடு போட்டு வைத்தால் மறுநாள் கோட்டைத் தாண்டியிருக்கும். பூஞ்சைப் புள்ளி காய்ந்து குழிவிழும், சுற்றி மஞ்சளாகும். பிறவிப் புள்ளி எங்கேயும் நகராது. சந்தேகமாக இருந்தால் இன்றைக்கு ஒரு படம், நாலு நாள் கழித்து ஒரு படம் எடுத்து வைத்துப் பாருங்கள், அவசரப்பட்டு வெட்ட வேண்டாம்.

நோய் இல்லை என்று ஆன பிறகு அடுத்த கேள்வி, இது என்ன செடி. ஆர்க்கிட்டில் இலையே அழகாக இருப்பவை சில உண்டு. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஷில்லெரியானா என்கிற ஃபெலனாப்சிஸுக்கு இலையில் வெள்ளிக் கோலம் இருக்கும், ஆனால் அதற்குத் தடித்த சாம்பல் நிற வேர் சட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு வரும், நனைத்தால் பச்சையாகும். நம் காடுகளில் இருக்கிற லுடிசியாவுக்கு வெல்வெட் மாதிரி கருஞ்சிவப்பு இலை, அதில் இருப்பது புள்ளி இல்லை, மெல்லிய சிவப்புக் கோடுகள், தண்டும் தரையில் படர்ந்து போகும். என் கையில் இருந்த செடிக்கு வெளியே ஒரு வேர்கூட இல்லை. தண்டும் இல்லை. விசிறி மாதிரி இலைகள் எதிரெதிராக அடுக்கிய இரண்டு குருத்து, பக்கத்தில் காய்ந்துபோன பழைய குருத்து ஒன்று.

அந்தப் பழைய குருத்துதான் விடை சொன்னது. அதன் நட்டநடுவில் விரல் நீளத்துக்கு ஒரு காய்ந்த குச்சி நின்றது. பழைய பூக்காம்பு. ஃபெலனாப்சிஸுக்குப் பூக்காம்பு இலையடியில் பக்கவாட்டில்தான் கிளம்பும். குருத்தின் உச்சியிலிருந்தே நேராகக் கிளம்புவது செருப்பு ஆர்க்கிட்டுக்கு. பாப்பியோபெடிலம். பூவின் கீழ் உதடு செருப்பின் முன்பக்கம் மாதிரி குழிந்து இருக்கும், அதனால் இங்கே மலாய்க்காரர்கள் ஓர்க்கிட் செலிப்பார் என்பார்கள்.

பெயர் கிடைத்ததும் சந்தோஷம் வர வேண்டும் இல்லையா, எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. ஏனென்றால் பெரியப்பா இருபது வருடத்துக்கு மேல் பினாங்குக் கொடிமலை உச்சியில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். கொடிமலையிலும் ஒரு செருப்பு ஆர்க்கிட் இருக்கிறது, பார்பேட்டம், அதற்கும் இதே மாதிரி கட்டம் போட்ட இலை. 1841-ல் லிண்ட்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் பெயர் வைத்த செடி அது, பார்பேட்டம் என்றால் லத்தீனில் தாடி உள்ளது என்று அர்த்தம், இதழ் ஓரத்தில் மயிர் முளைத்த கறுப்பு மருக்கள் இருப்பதால். ஜொகூர் ஓரத்து லேடாங் மலையிலும், கெடாவில் ஜெராய் மலையிலும்கூட வளர்கிறது. மலையில் வேலை பார்த்த மனிதர் ஒரு நாள் வேலை முடிந்து இறங்கும்போது பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தால்? அந்தக் காலத்தில் பலரும் செய்ததுதான், தப்பு என்றுகூட யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அப்படி ஆளுக்கு ஒன்றாகப் பிடுங்கித்தான் இந்தச் செடிகள் காட்டில் அருகிப்போயின. பாப்பியோபெடிலம் இனம் முழுவதும், அருகும் உயிரினங்களின் உலக வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, யானைத் தந்தமும் புலியும் இருக்கிற அதே பட்டியல், காட்டில் எடுத்த செடியை நாடு விட்டு நாடு விற்கவே கூடாது.

இந்தச் செருப்பு ஆர்க்கிட் ஆசை பினாங்குக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் எல்லோருக்கும் அந்தத் தாவரவியல் பூங்கா வாசல் தெரியும், மலாயில் கெபுன் புங்ஙா என்று சொல்வது. அது 1884-ல் தொடங்கியபோது முதல் பொறுப்பாளராக வந்தவர் சார்ல்ஸ் கர்ட்டிஸ். அதற்கு முன்னால் அவருக்கு என்ன வேலை தெரியுமா, இங்கிலாந்தில் வீச் என்கிற நர்சரிக்காக நம் பக்கத்துக் காடுகளில் செடி தேடி அனுப்புவது. சுமத்ராவில் அவர் கண்டெடுத்த, இதே போல இலையில் கட்டம் போட்ட ஒரு செருப்பு ஆர்க்கிட்டுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். கொடிமலை மேலே மர உச்சியில் வட்டமாகக் கட்டியிருக்கிற நடைபாதைக்கும் அவர் பெயர்தான். கப்பல் கப்பலாகச் செடிகள் போன காலம் அது. பெரியப்பாவை மட்டும் எப்படிக் குறை சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. பெரியம்மாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை, வீட்டை விட்டுவிட்டுப் போன துக்கத்தில் இருக்கிறவரிடம் பெரியப்பா திருடினாரா என்கிற மாதிரி எப்படிக் கேட்பது. பூத்தால் தெரிந்துவிடும், பூக்க வைப்போம் என்று முடிவு செய்தேன்.

முதல் மாதம் நான் செய்ததெல்லாம் தப்பு. டென்ட்ரோபியம் பக்கத்தில் வைத்தேன், மத்தியான வெயில் இரண்டு மணி நேரம் விழும் இடம், இரண்டு இலை நுனியில் வெளுத்துக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. இலையில் புள்ளிக் கோலம் உள்ள செருப்பு ஆர்க்கிட்டுகள் பெரும்பாலும் காட்டின் அடித்தளத்தில், பெரிய மரங்களின் நிழலில், சருகும் பாசியும் மண்டின தரையில் வளர்கிறவை. வளர்ப்பவர்கள் பேச்சுவழக்கில் சொல்லும் ஒரு கணக்கு உண்டு, கோல இலை சூட்டைத் தாங்கும், வெறும் பச்சை இலையுள்ள பெரிய பூக் கலப்பினங்கள் குளிர் கேட்கும். எல்லாச் செடிக்கும் பொருந்தாது, ஆனால் பினாங்கு மாதிரி கடலோர ஊரில் பிளாட்டில் இருப்பவர்களுக்கு அது நல்ல வழிகாட்டி. அந்த இலையே தன் ஊர் எது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நான்தான் முதலில் அதை நோய் என்று படித்துவிட்டேன்.

இப்போது அது சமையலறை ஜன்னலோரம் இருக்கிறது. காலை எட்டரை மணிவரை மெல்லிய வெயில், அப்புறம் நாள் முழுக்க வெளிச்சம் மட்டும். இலைக்கு மேலே கையை நீட்டிப் பார்ப்பேன், கை நிழல் ஓரம் மங்கலாக விழுந்தால் சரி, கத்தி வெட்டு மாதிரி தெளிவாக விழுந்தால் அந்த வெயில் அதிகம்.

சட்டி மாற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசியாறிவிட்டுப் பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். தட்டி எடுத்ததும் நாற்றம், வடிகாலில் ஊறின இலை நாற்றம். கரியும் பட்டையும் மக்கிச் சேறாகியிருந்தது, நாலு வருடம் யாரும் மாற்றவில்லை. செருப்பு ஆர்க்கிட்டின் வேரை அதுவரை நான் பார்த்ததில்லை, பழுப்பு நிறத்தில் மேலெல்லாம் பூனை வால் மாதிரி ரோமம், பார்த்தால் செத்த வேர் போலத்தான் இருக்கும். நிறத்தை நம்பாதீர்கள், இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். உயிருள்ள வேர் விறைப்பாக நிற்கும். அழுகினது சட்டைக் கை கழன்று வருவது போல மேல்தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே ஒரு நூல் மட்டும் மிஞ்சும். பதினான்கு வேரில் ஐந்துதான் நின்றது. மற்றதை வெட்டி, வெட்டின வாயில் மட்டும் அடுப்படியில் இருந்த இலவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வைத்தேன். நல்ல வேர் மேல் அந்தத் தூள் படக்கூடாது, காய வைத்துவிடும்.

புதுக் கலவைக்கு ஆயர் ஈத்தாம் பாசாரில் செடி விற்கும் சீன அங்கிளிடம் போனேன். சட்டியைக் காட்டினதும் முதலில் சொன்னது "ஜாங்ஙான் குனா பாசு பெசார்", பெரிய சட்டி வேண்டாம் என்று. வேர் ஐந்துதான் என்றால் சட்டியும் சின்னதாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஈரம் தங்கி மறுபடி அழுகும். சுண்டுவிரல் நகம் அளவு மரப்பட்டை, அதே அளவு கரித்துண்டு, கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டு. மட்டையை இரண்டு நாள் ஊறப்போட்டுத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டினேன், அதில் உப்பும் கறையும் நிறைய இருக்கும். நடும்போது முக்கியமான விஷயம், குருத்தின் அடி கலவைக்குள் ஒரு விரல் தடிமன் புதைந்திருக்க வேண்டும். வாண்டா மாதிரி மேலே தூக்கி வைத்தால் புது வேர் வெளிக்காற்றில் நின்றுவிடும், ஈரக் கலவையைத் தொட்டால்தான் இந்தச் செடிக்கு வேர் ஓடும். ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கலவையை மாற்றிவிட வேண்டும், பூக்காவிட்டாலும் சரி.

தண்ணீர். டென்ட்ரோபியத்துக்குத் தடித்த தண்டு இருக்கிறது, அதில் தண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்ளும், ஒரு வாரம் மறந்தாலும் மன்னிக்கும். இதற்கு அப்படி சேமிப்பு எதுவும் இல்லை, முழுசாகக் காயவிடக் கூடாது, சொதசொத என்றும் வைக்கக் கூடாது. சட்டியைத் தூக்கிப் பார்த்தே பழகிக்கொண்டேன், கனமாக இருந்தால் விட்டுவிடுவேன், இலேசாகிவிட்டால் ஊற்றுவேன். ஜனவரி பிப்ரவரி வறட்சியில் இரண்டு நாளைக்கு ஒரு முறை, செப்டம்பர் அக்டோபர் மழையில் நாலு நாள்கூட ஆகும். காலையில் மட்டும், சட்டியோரமாகச் சுற்றி ஊற்ற வேண்டும். இலைகள் சேரும் நடுக் குழியில் தண்ணீர் தேங்கி ராத்திரி முழுக்க நின்றால் குருத்து அடியோடு அழுகிவிடும், பிறகு இலையைத் தொட்டால் கையோடு வரும். தவறி விழுந்தால் டிஷ்யூ நுனியைத் திரித்து உறிஞ்சி எடுத்துவிடுகிறேன். முடிந்தவரை மழைத் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், பிடித்து வைக்கிற வாளியை இறுக்கி மூடி வைக்கிறேன். சட்டிக்கு அடியில் தட்டு வைப்பதில்லை. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டுத் தண்ணீர் போதும், நம் ஊர்க் காற்றில் ஈரப்பதத்துக்குக் குறைச்சலும் இல்லை.

உரம் பாக்கெட்டில் போட்டிருப்பதில் கால் பங்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரை நிறைய ஓடவிட்டு உப்பைக் கழுவிவிடுவது. இலை நுனி கறுத்தால் உரம் கூடிவிட்டது. அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஒரு குருத்தின் பக்கத்தில் கன்று முளைத்தது. வாழையை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு மரம் ஒரு முறைதான் குலை தள்ளும், பக்கக் கன்று தொடரும். இதிலும் ஒரு குருத்துக்கு ஒரு முறைதான் பூ. ஆனால் பூத்து முடிந்த குருத்தை வாழை மாதிரி வெட்டிவிடக் கூடாது, அது இன்னும் ஒன்றிரண்டு வருடம் கன்றுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கும், தானாகக் காய்ந்த பிறகு எடுத்தால் போதும்.

ஜூலை கடைசியில் பெரிய குருத்தின் நடுவில் புது இலை என்று நினைத்தது இலை இல்லை. தட்டையான பச்சை உறை, அதற்குள் கறுப்பாக ஒரு நுனி. காம்பு மெல்ல மெல்ல ஏறியது, அதன் மேல் பூராவும் பொடி ரோமம். சட்டியை வெளிச்சத்துக்கு ஏற்றபடி திருப்பிக்கொண்டே இருந்தால் காம்பு கோணலாகிவிடும் என்று படித்திருந்ததால் சட்டியில் ஒரு பக்கம் சிவப்பு நூல் கட்டி, ஜன்னல் துடைக்க நகர்த்தினாலும் அதே திசையில் திரும்ப வைத்தேன். செப்டம்பர் இரண்டாம் வாரம் ஒரு காலையில் தேத்தண்ணி போட வந்தேன், திறந்திருந்தது.

முழுப் பூவும் ஒயின் நிறம். மேலே நிற்கும் அகல இதழ் என் உள்ளங்கையில் பாதி இருக்கும், அதில் அடியிலிருந்து உச்சிக்குக் கருஞ்சிவப்புக் கோடுகள், பக்க இதழ் இரண்டின் ஓரத்திலும் மிளகு ஒட்டின மாதிரி கறுப்பு மரு, ஒவ்வொரு மருவிலும் கண் இமை போல மயிர். செருப்பு மட்டும் அரக்கு பூசினது போல மினுமினுக்கிறது. செருப்புக்குள் எட்டிப் பார்த்தால் பின்சுவரில் மட்டும் ரோமம் வரிசையாக ஏணி மாதிரி மேலே போகிறது, வழுக்கி உள்ளே விழும் ஈக்கு வந்த வழியே ஏற முடியாது, அந்த ஏணிதான் ஒரே வழி, ஏறும்போது சூலகமுடியை உரசி, வெளியேறும் சந்தில் மகரந்தத்தை முதுகில் ஏந்திக்கொண்டுதான் போக முடியும். ஏழாவது மாடிக்கு அந்த ஈ வரவில்லை. நான் மட்டும்தான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், தேத்தண்ணி ஆறிவிட்டது.

பார்பேட்டம் இப்படி இருக்காது. அதற்கு மேல் இதழ் வெள்ளை, அதில்தான் பச்சையும் ஊதாவும் கலந்த கோடு ஓடும், பூவும் இதைவிடச் சின்னது. இப்படி வெள்ளையே இல்லாமல் முழுக்க ஒயின் நிறத்தில், நீளக் காம்பில், ஒற்றைப் பெரிய பூவாக வருவது நர்சரிகளில் தலைமுறை தலைமுறையாகக் கலந்து எடுத்த மாடியே வகை. தாய்லாந்துப் பக்கத்துக் கலோசம், போர்னியோவின் லாரன்சியானம் இரண்டையும் சேர்த்து 1900-ல் பதிவான கலப்பினம் மாடியே, அதன் வழியில் வந்தவைதான் இன்று கடைகளில் அதிகம். லேபிள் தொலைந்துவிட்ட செடிக்கு அதற்கு மேல் துல்லியமாகப் பெயர் சொல்வது பொய்யாகிவிடும், அதனால் சட்டியில் மாடியே வகை என்று மட்டும் எழுதிக் குத்தினேன்.

அன்றைக்கு ராத்திரி பெரியம்மாவுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், "கொஞ்சம் கீழ எறக்கிக் காட்டு" என்றார், செருப்பைப் பார்க்க. இது எங்கே கிடைத்தது பெரியம்மா என்று அப்போதுதான் கேட்டேன். "பாலிக் பூலாவ் போற வழியில ஒரு நர்சரி இருந்துச்சு, அங்க வாங்கினாரு. முப்பது வெள்ளி. அந்தக் காசுக்கு ஒரு வாரச் சாமான் வாங்கலாம்னு நான் ரெண்டு நாள் பேசல." கொடிமலையில் இதே மாதிரி செடி இருக்குமே, அங்கிருந்து எடுத்திருப்பாரோ என்று நினைத்தேன் என்று மெதுவாகச் சொன்னேன். "மலையில இருந்தா? நல்லா கேட்ட. துரை வீட்டுக்கு வந்தவங்க அதைப் பிடுங்கிட்டுப் போனாங்கன்னு வீட்டுக்கு வந்து சோறு திங்காம உட்கார்ந்திருந்தவரு ஆச்சே."

பூ இன்னும் இருக்கிறது, இன்றோடு முப்பத்தெட்டு நாள். பெரியம்மா ஒரு கன்று கேட்டிருக்கிறார். இப்போது பிரித்தால் இரண்டும் போய்விடும், கன்றுக்குச் சொந்த வேர் மூன்று நாலாவது ஓட வேண்டும், அதற்கு அடுத்த தீபாவளியும் தாண்டலாம். "எனக்கென்ன அவசரம், நீ பத்திரமா வளர்த்துக் கொடு" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலேயே கிள்ளான் வீட்டில் எந்த ஜன்னலில் காலை வெயில் விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். மூன்றாவது படத்தில் இருக்கிற ஜன்னல் நன்றாக இருக்கிறது.